எதிர்த்திசையில் ஓர் இம்பாலா: 'டு லிவ் அண்ட் டை இன் எல்.ஏ.' மறுபார்வை

வில்லியம் ஃபிரீட்கின் 1971-இல் 'தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' படத்துக்காக எடுத்த கார் துரத்தலைச் சினிமா பேசுகிறவர்கள் இன்றும் விடுவதில்லை. மேலே தூண்களில் ஓடும் ரயில், கீழே புரூக்ளின் தெருவில் அதை விரட்டும் பான்டியாக். சிறந்த படம், சிறந்த இயக்குநர் என்று ஆஸ்கர்களும் வந்தன. அதே மனிதர் 14 வருடம் கழித்து, 1985-இல், இன்னொரு துரத்தலை எடுக்கப் போனார். முந்தையதை மிஞ்சும்படி ஒன்றை யோசிக்க முடிந்தால்தான் எடுப்பது, முடியாவிட்டால் படத்தில் துரத்தலே வேண்டாம் என்று ஸ்டண்ட் மாஸ்டர் பட்டி ஜோ ஹூக்கரிடம் சொல்லித்தான் வேலையையே தொடங்கினார். அப்படி வந்தது, 'டு லிவ் அண்ட் டை இன் எல்.ஏ.' படத்தில் நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் கார் ஓடும் ராங் சைடு காட்சி.

மிஞ்சிவிட்டது என்பதே என் முடிவு. ஆனால் யூடியூபில் அந்தத் துண்டை மட்டும் பார்த்துவிட்டு இதை ஒத்துக்கொள்ள முடியாது. துண்டாகப் பார்த்தால் அது நன்றாக எடுக்கப்பட்ட ஒரு கார் சேஸ், அவ்வளவுதான். படத்தின் முதல் பாதி முழுக்க ஒரு பணக்கணக்கு ஓடுகிறது. அந்தக் கணக்கு தெரிந்தவருக்குத்தான் நெடுஞ்சாலையில் வயிறு கலங்கும்.

(40 வருடப் படம் என்பதால் கதையை முழுதாகவே பேசப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

கணக்கு இதுதான். ரிச்சர்ட் சான்ஸ் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் ஆள். ஜனாதிபதிக்குக் காவல் நிற்பவர்கள் கள்ளநோட்டுக்காரனை ஏன் துரத்துகிறார்கள் என்று குழம்ப வேண்டாம். அந்தத் துறை 1865-இல் தொடங்கப்பட்டதே கள்ளநோட்டை ஒழிக்கத்தான். ஜனாதிபதிக் காவல் பின்னால் வந்து சேர்ந்தது. படம் வந்த காலத்தில் அது நிதித்துறையின் கீழ்தான் இருந்தது. சான்ஸின் கூட்டாளி ஜிம்மி ஹார்ட் ஓய்வு பெற மூன்றே நாள் இருக்கும்போது தனியாகத் துப்பறியப் போய், ரிக் மாஸ்டர்ஸ் என்ற கள்ளநோட்டுக்காரனிடம் சிக்கிச் செத்துப்போகிறார். மாஸ்டர்ஸை எப்படியாவது வீழ்த்திவிட வேண்டும் என்று சான்ஸுக்கு வெறி. நோட்டு வாங்க வந்த ஆளாக நடித்து அவனை நெருங்குகிறான். மாஸ்டர்ஸ் முன்பணம் 30,000 டாலர் கேட்கிறான். அலுவலகம் இதற்கு அதிகபட்சம் 10,000 டாலர்தான் தரும். மேலதிகாரியிடம் கேட்டால் விதியைக் காட்டுகிறார்.

இருபதாயிரம் டாலர் துண்டு விழுகிறது. அதை அடைக்க, சட்டத்தைக் காக்க வேண்டிய இரண்டு பேர், சான்ஸும் அவனுடைய புதுக் கூட்டாளி வுகோவிச்சும், கொள்ளையடிக்கக் கிளம்புகிறார்கள். திருட்டு வைரம் வாங்க ஒருவன் 50,000 டாலரோடு வருகிறான் என்று சான்ஸின் இன்ஃபார்மர் ரூத் சொல்கிறாள். யூனியன் ஸ்டேஷனில் இறங்கும் அந்த தாமஸ் லிங்கை மடக்கி, மேம்பாலத்துக்கு அடியில் கொண்டுபோய் வைத்து மிரட்டுகிறார்கள். பெட்டியை உடைத்தால் உள்ளே பணம் இல்லை, உடம்பில் கட்டி வைத்திருக்கிறான். பணம் கைக்கு வந்த நேரத்தில் தூரத்திலிருந்து ஒரு குண்டு வந்து லிங்கையே சாய்க்கிறது. யார் சுட்டார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள், எதுவும் தெரியாது. சான்ஸும் வுகோவிச்சும் காருக்குள் பாய்கிறார்கள்.

துரத்தல் இங்கே தொடங்குகிறது. சாதாரணமாகப் படங்களில் போலீஸ் துரத்தும், திருடன் ஓடுவான். இங்கே ஓடுவது போலீஸ், அதுவும் திருடிவிட்டு. முதல் தடவை பார்க்கும்போது பின்னால் வருகிறவர்கள் ஏதோ வைரக் கும்பல் என்று நினைத்துக்கொண்டு நாமும் சான்ஸோடு சேர்ந்து தப்பிக்கப் பார்க்கிறோம். எல்லாம் முடிந்த பிறகு, அலுவலகக் கூட்டத்தில்தான் செய்தி வருகிறது: செத்த லிங், மாறுவேடத்தில் வேலை பார்த்த எஃப்.பி.ஐ. ஆள். அதாவது பின்னால் வந்ததும் போலீஸ்தான். இது தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால், ஒவ்வொரு துப்பாக்கிக் குண்டுக்கும் அர்த்தம் மாறிவிடுகிறது. முதல் தடவை தப்பிக்க வேண்டுமே என்று தவித்த அதே இடங்களில் இரண்டாம் தடவை இவர்கள் பிடிபட்டுத் தொலைந்தால் தேவலை என்று தோன்றும். மறுபார்வைக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி காட்சியின் கட்டுமானம். ஒவ்வொரு கட்டத்திலும் இடம் வேறு, ஆபத்தும் வேறு. முதலில் கிடங்குகள் நிறைந்த தொழிற்பேட்டை. லாரிகள் ரிவர்ஸ் எடுக்கும், சரக்கு ஏறி இறங்கும் குறுகலான சந்துகள். இங்கே வேகத்தைவிட அகலம்தான் பிரச்சினை. கார் நுழையுமா, நடுவில் மாட்டிக்கொள்ளுமா என்பதுதான் பயம். அடுத்தது ரயில் பாதை. ஓடும் ரயிலின் பக்கத்திலேயே கார் ஓடுகிறது, பாதையைக் கடக்க நேரம் போதுமா என்பது கேள்வி. பிறகு லாஸ் ஏஞ்சலஸ் ஆறு. 1938 வெள்ளத்துக்குப் பிறகு அந்த ஆற்றின் பெரும்பகுதிக்கு ராணுவப் பொறியாளர்கள் காங்கிரீட் போட்டுவிட்டார்கள். இருபக்கமும் சாய்ந்த சுவர், நடுவில் கால்வாய் மாதிரிக் கொஞ்சம் தண்ணீர், மற்றபடி வெட்டவெளி. சந்துக்குள் ஒளிய இடம் இருந்தது, இங்கே எதுவும் இல்லை. பாலத்து மேலிருந்து பார்த்தால் கார் ஒரு புள்ளியாகத் தெரியும், குறி வைக்க வசதி. அங்கிருந்து மேலே ஏறினால் நெடுஞ்சாலை. ஏறிய பிறகுதான் எதிரே வரும் வண்டிகள் தெரிகின்றன.

நெடுஞ்சாலைப் பகுதியை வில்மிங்டன் பக்கம் டெர்மினல் ஐலண்ட் ஃப்ரீவேயில் எடுத்தார்கள். வார இறுதிகளில், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் மட்டும் சாலையை மூடித் தந்தார்கள். அதன் கஷ்டம் என்னவென்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஷாட் தப்பினால், எதிரே வந்த அத்தனை வண்டிகளும் திரும்பிப் போய், பழைய இடத்தில், பழைய இடைவெளியில் நிற்க வேண்டும். இருபது முப்பது வண்டிகளை மறுபடி அடுக்குவதிலேயே அனுமதித்த நேரத்தில் பெரும்பகுதி கரைந்துபோகும். அதனால் ஒன் மோர் கேட்பது இங்கே சொத்தை விற்பதற்குச் சமம். அதற்கேற்ற மாதிரி, துரத்தலைப் படப்பிடிப்பின் கடைசிக்குத் தள்ளி வைத்து, ஆட்களைக் குறைத்துக்கொண்டு, ஆறு வாரம் எடுத்தார்கள். மொத்த பட்ஜெட்டே சுமார் 60 லட்சம் டாலர்தான்.

ராங் சைடில் போகலாம் என்ற யோசனை ஃபிரீட்கினின் சொந்த அனுபவம். 1963-இல் சிகாகோவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வண்டி ஓட்டியபடியே தூங்கிவிட்டார். விழித்தால் எதிர்ச்சாரியில் இருக்கிறார், வண்டிகள் முகத்துக்கு நேரே வருகின்றன. அந்தப் பயத்தை இருபது வருடத்துக்கு மேல் வைத்திருந்து இங்கே செலவழித்தார். காட்சியில் அது தெரிகிறது. வேகத்தைக் காட்டுவதைவிட, தப்பான இடத்தில் விழித்துக்கொண்டோமே என்ற அந்த உணர்வைக் காட்டத்தான் கேமரா பாடுபடுகிறது.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டிய இடம் காருக்கு உள்ளே. ஓட்டுவது சான்ஸாக நடிக்கும் வில்லியம் பீட்டர்சன். நிறைய இடங்களில் அவரே ஓட்டியிருக்கிறார். பின்சீட்டில் வுகோவிச்சாக ஜான் பாங்கோ. அந்த முகத்தைக் கவனியுங்கள். கத்துகிறார், குனிகிறார், சீட்டைப் பிடித்துக்கொள்கிறார். நிஜமாகவே கார் ஆடிக்கொண்டிருக்கும்போது பிடித்த முகம் அது. இந்தப் படத்தில் மனசாட்சிக்குப் பின்சீட்டில்தான் இடம் கொடுத்திருக்கிறார்கள். முன்சீட்டில் இருப்பவனுக்கோ இது போதை. படத்தின் ஆரம்பத்தில் இதே ஆள் வின்சென்ட் தாமஸ் பாலத்திலிருந்து கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தவன் என்பதை மறக்காதீர்கள். சாலையில் அவன் செய்வதும் அதே குதிப்புதான், இந்தத் தடவை கூட ஒருவனையும் இழுத்துக்கொண்டு.

காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடுவது ஷெவர்லே இம்பாலா, பந்தயக் கார் கிடையாது. அரசாங்க அலுவலக வாசலில் வரிசையாக நிற்கிற, நீளமான, கனமான, பின்சக்கர இழுவை வண்டி. சேஸிஸ் சட்டத்தின் மேல் பாடியை உட்கார வைத்த பழைய அமைப்பு, மெத்தென்ற சஸ்பென்ஷன். திரும்பினால் பாடி ஒரு பக்கம் சாயும், பிரேக் பிடித்தால் மூக்கு தரையைப் பார்க்கும், ஆக்ஸிலரேட்டரை அமுக்கினால் பின்பக்கம் உட்காரும். ஓட்டுநருக்கு இவை குறைகள், கேமராவுக்கு வரம். இன்றைய இறுக்கமான ஸ்போர்ட்ஸ் கார் நூற்றைம்பதில் போனாலும் திரையில் ரயில்பெட்டி மாதிரி அசையாமல் போகும். இம்பாலா அறுபதில் போனாலே உயிர் போகிற மாதிரித் தெரியும்.

இப்போது வரும் பெரிய பட்ஜெட் துரத்தல்கள் ஏன் ஒட்டுவதில்லை என்பதற்கும் இங்கே பதில் இருக்கிறது. யார் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியாமல் வெட்டிவிடுகிறார்கள். மூன்று ஷாட்டுக்குள் இடம் தொலைந்துவிட்டால் பயமும் தொலைந்துவிடும். எடிட்டரும் இணைத் தயாரிப்பாளருமான பட் ஸ்மித், துரத்தல் மாதிரிக் காட்சிகளைத் தனியாக எடுக்கும் இரண்டாம் யூனிட்டையும் தானே இயக்கினார். எது வேண்டும் என்று தெரிந்த எடிட்டரே களத்தில் நின்றதால், முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் யார் வருகிறார்கள், நடுவில் எவ்வளவு தூரம் என்பது கடைசி வரை கையை விட்டுப் போவதில்லை. கடைசியில் நெடுஞ்சாலையில் லாரி ஒன்று மடங்கிக் குறுக்கே விழும்போது, அதற்கு எந்தப் பக்கம் சான்ஸ் இருக்கிறான் என்பது நமக்குத் தெரியும். அதுதான் தப்பித்தலை நம்ப வைக்கிறது.

துரத்தலுக்குச் சமமாக வைத்துப் பேச வேண்டிய இன்னொரு காட்சி, மாஸ்டர்ஸ் நோட்டு அடிக்கும் இடம். வசனமே கிடையாது, வாங் சங் குழுவின் இசை மட்டும். நெகட்டிவில் விழுந்த ஊசித்துளைகளை மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக அடைக்கிறான். பிளேட் தயாராகிறது. பச்சை மையைக் கலந்து பார்க்கிறான், திருப்தியில்லை, மறுபடி கலக்கிறான். ஆஃப்செட் அச்சு இயந்திரம் தாள்களைத் தள்ளுகிறது. வெட்டி அடுக்கிய புது நோட்டுகளைச் சூதாட்டச் சில்லுகளோடு துணி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுச் சுற்றவிட்டு, கைபட்டுப் பழசான மாதிரி ஆக்குகிறான். அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் இந்தக் காட்சியில் குறை கண்டுபிடிக்கத் திணறுவார்கள். மாஸ்டர்ஸாக வரும் வில்லெம் டஃபோவின் விரல்கள் தொழில் தெரிந்தவன் விரல்களாகவே அசைகின்றன.

அன்றைய காலத்தில் இது எப்படிச் சாத்தியம் என்று இளைய பார்வையாளர்கள் கேட்கலாம். அமெரிக்க நோட்டில் பாதுகாப்பு இழையும் நுண்ணெழுத்தும் 1990 வரிசையில்தான் வந்தன. 1985-இல் கள்ளநோட்டைக் காட்டிக்கொடுத்தவை தாளும் மையும்தான். அசல் நோட்டு, பருத்தியும் லினனும் கலந்த தாளில் செதுக்கச்சாக, அதாவது செதுக்கிய தகட்டால், அடிக்கப்படுவது. விரலால் தடவினால் மை மேலே நிற்பது தெரியும். ஆஃப்செட்டில் மை தட்டையாகப் படியும். கண்ணை ஏமாற்றலாம், அனுபவமுள்ள விரலை ஏமாற்ற முடியாது. மூல நாவலை எழுதிய ஜெரால்ட் பெட்டிவிச் முன்னாள் சீக்ரெட் சர்வீஸ் ஆள், திரைக்கதையிலும் ஃபிரீட்கினோடு சேர்ந்து உட்கார்ந்தவர். இன்ஃபார்மரை எப்படி மிரட்டி வேலை வாங்குவார்கள், முன்பணத்துக்கு எந்த அதிகாரியிடம் போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் படத்தில் சரளமாக வருவதற்கு அவர்தான் காரணம்.

ஒளிப்பதிவு ராபி முல்லர். இந்தப் படம் ஸ்டைலானது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நியான் எழுத்துகளையும் சிந்தசைசர் இசையையும் நினைத்துச் சொல்கிறார்கள். முல்லர் செய்தது வேறு. ஹாலிவுட் பலகை, பணக்காரக் கடைத்தெரு என்று சுற்றுலா அட்டையில் வரும் லாஸ் ஏஞ்சலஸை ஒதுக்கிவிட்டு, துறைமுகம், எண்ணெய்க் கிடங்கு, சான் பெட்ரோ, வில்மிங்டன் பக்கம் போனார். புகைமூட்டத்துக்குள் எழும் செம்மஞ்சள் சூரியனை அழகுபடுத்தாமல் அப்படியே எடுத்தார். டியூப்லைட் எரியும் அறைகளில் ஃபிலிமில் ஏறும் பச்சைச் சாயலைத் திருத்தாமல் விட்டார். அதனால் நோட்டின் பச்சையும் அறையின் பச்சையும் ஒன்றோடொன்று பேசுகின்றன. நகரமே அந்த அச்சகத்தில் அடித்தது போல ஆகிவிடுகிறது.

ஃபிரீட்கின் ஒத்திகையையே டேக்காக எடுத்துவிடும் பழக்கமுள்ளவர். விமான நிலையத்தில் மாஸ்டர்ஸின் ஆளாக வரும் ஜான் டர்டுரோவைத் துரத்தும் காட்சியில், நகரும் நடைபாதைகளுக்கு நடுவே உள்ள தடுப்பின் மேல் பீட்டர்சன் ஏறி ஓடுகிறார். காப்பீட்டுப் பிரச்சினை காரணமாக நிர்வாகம் அதற்கு அனுமதி தரவில்லை. ஒத்திகை பார்ப்பதாகச் சொல்லிக் கேமராவை ஓடவிட்டு எடுத்துக்கொண்டார்கள். இதைத் துணிச்சல் என்று கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. நடிகர் விழுந்திருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஓய்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது சாகிற கூட்டாளி அன்றைக்கே பழசு. தொடக்கத்தில் ஹோட்டல் கூரையில் வரும் தற்கொலைக் குண்டுக்காரனுக்கும் மீதிக் கதைக்கும் சம்பந்தமில்லை, சான்ஸ் எப்படிப்பட்டவன் என்று காட்ட ஒட்டவைத்த காட்சி. லிங்குக்கு ஒரு முகம் கொடுக்கவே படம் மெனக்கெடவில்லை. அவன் யார் என்பது தெரியவரும்போது நமக்கு வலிக்க வேண்டும், வலிப்பது வுகோவிச்சுக்கு மட்டும். இசையில் சில இடங்கள் அந்த வருடத்தோடு நின்றுவிட்டன. ரூத்தாக வரும் டார்லேன் ஃப்ளூகல் நல்ல நடிகை. பரோலை ரத்து செய்துவிடுவேன் என்று மிரட்டி உடம்பையும் தகவலையும் சேர்த்து வாங்குகிறான் சான்ஸ். அந்தக் கொடுமையைப் படம் மறைக்கவில்லை, ஆனால் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்க்கவும் இல்லை.

முடிவைப் பற்றி. படம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது, லாக்கர் அறையில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சான்ஸ் முகத்தில் சுடப்பட்டுச் செத்துப்போகிறான். கதாநாயகனை இப்படி நடுவில் தூக்கிப் போடுவதை ஸ்டுடியோ விரும்பவில்லை. சான்ஸும் வுகோவிச்சும் பிழைத்து அலாஸ்காவுக்கு மாற்றப்படுவதாக இன்னொரு முடிவையும் ஃபிரீட்கின் எடுத்துக் கொடுத்தார், ஆனால் படத்தில் சேர்க்கவில்லை. நல்லவேளை. கடைசியில் வுகோவிச் ரூத்தின் வீட்டுக்கு வந்து, இனி நீ எனக்கு வேலை பார்க்கிறாய் என்கிறான். பின்சீட்டில் கத்திக்கொண்டிருந்தவன் ஸ்டீயரிங்குக்கு வந்துவிட்டான். அலாஸ்கா முடிவில் இது எதற்குமே இடமில்லை.

எதில் பார்ப்பது? 116 நிமிடம். நிர்வாணமும் நேரடி ரத்தமும் உண்டு, குடும்பத்தோடு உட்காரும் படம் கிடையாது. 2003-இல் வந்த டிவிடியில் ஃபிரீட்கினின் விளக்க உரையும், படம் உருவான ஆவணப்படமும், அந்த மாற்று முடிவும் இருக்கின்றன. படத் தரம் பழசு. 2016-இல் அமெரிக்காவில் ஷவுட் ஃபேக்டரியும் பிரிட்டனில் ஆரோவும் ப்ளூரே கொண்டுவந்தன. 2023-இல், ஃபிரீட்கின் காலமான அதே வருடம், கினோ லார்பர் 4கே டிஸ்க் வெளியிட்டது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ப்ளூரேக்கு மண்டலப் பூட்டு போடும் வழக்கம் உண்டு. அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா ஏ மண்டலம், பிரிட்டன் பி, இந்தியா சி. பூட்டுள்ள டிஸ்க் வேறு மண்டல பிளேயரில் ஓடாது. 4கே டிஸ்குக்கு அந்தப் பூட்டு இல்லை, ஆனால் 4கே பிளேயர் வேண்டும். சாதாரண ப்ளூரே பிளேயரில் போட்டால் எதுவும் வராது.

டிவியில் அசைவை மென்மையாக்கும் மோஷன் ஸ்மூதிங் வசதியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அது போட்டிருந்தால் இந்தத் துரத்தல் சீரியல் காட்சி மாதிரி வழவழவென்று ஆகிவிடும், காரின் கனமே தெரியாது. படத்தின் அகலம் உயரத்தைப் போல 1.85 மடங்கு, அதனால் அகலத்திரை டிவியில் மேலும் கீழும் மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். அதை மறைக்க ஜூம் செய்யாதீர்கள். ராங் சைடில் எதிரே வரும் வண்டிகள் முதலில் எட்டிப்பார்ப்பது ஃப்ரேமின் ஓரங்களில்தான்.